நோய்க்குத் தோற்காத நெஞ்சம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மாந்தர் வாழ்வில் இடர்கள் பல. வறுமை வந்தால் உழைத்து மீளலாம். பகை வந்தால் பேசித் தீர்க்கலாம். சிறை வந்தால் நாளெண்ணிக் காத்திருக்கலாம். ஆனால் உடலோடு ஒட்டிக்கொண்டு, உறங்கும்போதும் விலகாமல், ஆண்டுக்கணக்கில் உடன் வாழும் நோய் ஒன்று வந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? ஒதுங்குவானா? ஒடுங்குவானா? அல்லது நோயையும் தூக்கிக்கொண்டு தன் வழியே நடப்பானா? நடந்தார் ஒருவர். அவரே வத்தலக்குண்டு தந்த வீரர் சுப்பிரமணிய சிவா.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! சிவாவின் பெயரை நாம் அனைவரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரின் பெயருக்குப் பின்னால், பாரதியாரின் பெயருக்குப் பக்கத்தில், மூன்றாவதாக அவர் பெயர் வரும். ஓரிரு மதிப்பெண் வினாவுக்கு விடையாகவும் வரும். நானும் அப்படித்தான் அவரை அறிந்திருந்தேன். சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது ஆண்டுகளைத் தாளில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். தூத்துக்குடியில் அவர் முழங்கியது சில மாதங்கள். சிறையில் கழித்தது நாலரை ஆண்டுகளுக்கு மேல். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்து அவர் வாழ்ந்ததோ ஏறத்தாழப் பன்னிரண்டே முக்கால் ஆண்டுகள்! நாம் போற்றும் அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி நோயுற்ற பின்னர் நடந்ததாகும். இந்தக் கணக்கு என்னை உறங்கவிடவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அவர் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சிவா பிறந்தார். தந்தை இராஜம் ஐயர், தாய் நாகம்மாள். வறுமை அக்குடும்பத்தோடு உடன்பிறந்தது போலும்! பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் சென்று, சத்திரத்தில் கிடைத்த உணவை உண்டு படித்தார். படிப்பு நெடுந்தூரம் செல்லவில்லை. ஆயினும் ஏட்டுக் கல்வி நின்ற இடத்தில் நாட்டுக் கல்வி தொடங்கியது. 1906ஆம் ஆண்டளவில், வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய வேளையில், அவர் உள்ளத்திலும் அந்தக் கனல் பற்றிக்கொண்டது. இளைஞர்களைத் திரட்டி மேடையேறிப் பேசத் தொடங்கினார். திருவிதாங்கூர் அரசு அவரைத் தன் எல்லையைவிட்டு வெளியேறச் சொன்னது.

வெளியேற்றப்பட்டவர் வீட்டுக்குச் செல்லவில்லை. ஊர் ஊராக நடந்தார். நின்ற இடமெல்லாம் பேசினார். அந்நடை அவரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி ஆங்கிலேயரை அதிர வைத்திருந்தார் சிதம்பரனார். இருவரும் சந்தித்தனர். திட்டமிடும் அறிவும் தீயென எழும் நாவும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

தூத்துக்குடி முழக்கம்

1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு ஊக்கமூட்டிய குரல் சிவாவின் குரல். நாள்தோறும் கடற்கரையிலும் திடலிலும் கூட்டம். சில நாள்களிலேயே ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் வெற்றி கண்ட தொடக்ககால வேலைநிறுத்தங்களில் இதுவும் ஒன்று.

அரசு பொறுக்குமா? மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். சிதம்பரனாருக்கு இருபது ஆண்டு. அதோடு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மேலும் ஓர் இருபது ஆண்டு! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. கைதானபோது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. நம் வகுப்பில் இருப்பவர்களைவிட மூன்று நான்கு வயதே மூத்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

சிறையும் நோயும்

திருச்சிச் சிறையிலும் சேலம் சிறையிலும் அவர் அடைபட்டார். கடும் உழைப்பு அவர்மேல் சுமத்தப்பட்டது. ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்பில் ஊற வைத்து அடித்துத் துப்புரவாக்கும் வேலையும் அதில் ஒன்று. தூசும் நெடியும் நிறைந்த அவ்வேலையால்தான் அவருக்குத் தொழுநோய் பற்றியது என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம், நூல்களிலும் படிக்கிறோம்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தொழுநோய் ரோமத்தாலோ சுண்ணாம்பாலோ வருவதன்று. அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்தார். மருந்து உட்கொள்ளாத நோயாளி ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது மூச்சுக் காற்றின் வழியே அது பரவுகிறது. உடலுக்குள் புகுந்த கிருமி மிக மெதுவாகப் பெருகும். நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் சில ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயல்பாகவே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. ஆகவே எந்த நாளில், எந்த இடத்தில் அது சிவாவைத் தொற்றியது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. ஆனால் நெரிசல் மிகுந்த கொட்டடியும், போதாத உணவும், ஓயாத உழைப்பும் ஒரு மனிதனின் உடலைத் தளர்த்தும் என்பதில் ஐயமில்லை. சிறை அவரை நோயாளியாக வெளியே அனுப்பியது. அந்தப் பழியிலிருந்து அன்றைய அரசு தப்ப முடியாது. எனினும், நோய்க்குத் தவறான காரணம் சொன்னால் தவறான அச்சமும் கூடவே வளரும். அதனால்தான் இதை இங்கே எழுதினேன்.

1912ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் சிறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவருக்கு வயது இருபத்தெட்டு. உடலில் தொழுநோய், கையில் காசில்லை, தலைமேல் ஒற்றர்களின் கண். அந்நாளில் அந்நோய்க்கு உறுதியான மருந்தே கிடையாது. நீரடிமுத்து எண்ணெயைப் பூசுவதும் ஊசி வழியே செலுத்துவதும்தான் உலகெங்கும் இருந்த வைத்தியம். அதனாலும் நோய் முற்றும் நீங்கியதில்லை. அன்று இந்நோய் வந்தவருக்கு வாழ்நாள் முழுதும் அது உடனிருக்கும் என்பதே நிலை.

எழுதுகோல் ஏந்தினார்

வேறொருவராக இருந்தால் ஊர் ஓரம் ஒரு குடிசையில் முடங்கியிருப்பார். சிவா என்ன செய்தார்? 1913ஆம் ஆண்டு சென்னையில் ஞானபானு என்னும் மாத இதழைத் தொடங்கினார்! பாரதியார் அதில் எழுதினார். அவருடைய சின்னச் சங்கரன் கதை அவ்விதழில்தான் வெளிவந்தது. வ. வே. சு. ஐயரும் வ. உ. சி.யும் எழுதினர். பிறமொழிக் கலப்பின்றித் தனித்தமிழில் கட்டுரை எழுதுவோருக்குப் பரிசு தருவதாகவும் சிவா அறிவித்தார். 1916இல் பிரபஞ்சமித்திரன் என்ற இதழையும் நடத்தினார். சச்சிதானந்த சிவம், இராமாநுஜ விஜயம், மத்வ விஜயம் முதலான நூல்கள் அவர் எழுதியவை.

இதழ் நடத்துவது எளிதன்று. சந்தா சேர்க்க வேண்டும். அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தாள் வாங்க வேண்டும். மெய்ப்புத் திருத்த வேண்டும். நம் கல்லூரி மலர் ஆண்டுக்கு ஒன்று வெளிவருவதற்கே எத்தனை பாடு என்பதை மலர்க் குழுவில் இருக்கும் நண்பர்கள் அறிவார்கள். தொழுநோயோ நரம்பைத் தாக்கும் நோய். கையையும் காலையும் அது குறிவைக்கும். எழுதுவதையும் நடப்பதையும் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அதைவிடக் கொடிய நோய் வேறில்லை. இதற்கிடையே 1915ஆம் ஆண்டு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் மறைந்தார். துயரம் தனியே வருவதில்லையே! ஆயினும் எழுத்து நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

1921இல் காவி உடை தரித்துச் சுதந்திரானந்தர் என்று பெயர் சூடிக்கொண்டார். அவ்வாண்டே அரசை நிந்தித்துப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் மீண்டும் சிறை. தொழுநோயாளி என்று அறிந்தும் அரசு அவரைச் சிறைக்கு அனுப்பியது. அவரும் தாம் நோயாளி என்று எண்ணித் தம் நாவை அடக்கிக்கொள்ளவில்லை. 1922இல் வெளியே வந்தார். வந்ததும் மீண்டும் ஊர் ஊராகச் செல்லலானார்.

கட்டை வண்டிப் பயணம்

நண்பர்களே, அவர் வாழ்வில் என் நெஞ்சைப் பெரிதும் தைத்த பகுதி இதுதான். தொழுநோயாளி என்று காரணம் காட்டி அவர் இரயிலில் செல்லக் கூடாது என்று தடை விதித்தனர். சுற்றிச் சுற்றிப் பேசுவதே வாழ்வாகக் கொண்டவருக்கு இரயிலை மறுப்பது நாவை அறுப்பதற்கு ஒப்பாகும். அப்படித்தான் அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

அந்நாளில் சட்டமும் நோயாளியின் பக்கம் இல்லை. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் ஒன்று இருந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளிகள் உணவுப் பொருள் விற்கக் கூடாது, வாடகை வண்டியில் ஏறக் கூடாது என்றெல்லாம் அது விதித்தது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்கவும் வழி செய்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அச்சட்டம் ஏட்டில் உயிரோடு இருந்து, 2016ஆம் ஆண்டுதான் மத்திய அரசால் நீக்கப்பட்டது. கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்றால் அதையே காரணமாகக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்றிருந்த விதி 2019இல்தான் நீங்கியது. மருந்து வந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் சட்டப் புத்தகத்தில் இந்த நோய் குணமாகவில்லை என்றால் மிகையாகாது!

இரயில் இல்லையென்றால் என்ன? கட்டை வண்டி இருக்கிறதே! வண்டி கிடைக்காத இடத்தில் கால் இருக்கிறதே! சிவா கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் தமிழ்நாட்டைச் சுற்றினார். உணர்ச்சி குன்றிய பாதங்களோடு மண் சாலையில் நடப்பது எத்தகையது என்பதை நான் ஓரளவு அறிவேன். முள் குத்தினால் வலிக்காது. கல் கிழித்தால் தெரியாது. சுடுமண் கொப்புளம் எழுப்பினாலும் உணராது. இரத்தம் வழிவதைப் பிறர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அந்தப் பாதங்களோடுதான் அவர் நடந்தார்.

பாப்பாரப்பட்டி ஆசிரமம்

அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. ஊரெல்லாம் அஞ்சி விலகிய காலத்தில் அவ்வூர் நண்பர்கள் சிவாவை ஏற்றுக்கொண்டனர். அவர்கள் துணையோடு நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரதாசிரமத்தை நிறுவினார். சாதி மத வேறுபாடின்றி எல்லாரும் வந்து வணங்கப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1923ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் நேரில் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். இரயிலேறக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் குடிலுக்கு, இந்தியா அறிந்த தலைவர் ஒருவர் தாமே வந்து நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கிறேன்.

அக்கோயிலை எழுப்பி முடிக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1925ஆம் ஆண்டு மதுரைக்குச் சென்றிருந்தவர், உடல் மிக நலிந்த நிலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து ஜூலை 22ஆம் நாள் பாப்பாரப்பட்டி திரும்பினார். மறுநாள் விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பது. இன்று பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா நினைவாலயத்தைத் தமிழக அரசு அமைத்து 2021இல் திறந்தது.

என் வீட்டுத் திண்ணை

இந்த வரலாறு என்னை ஏன் உறங்கவிடவில்லை என்று சொல்வதாக வாக்களித்தேன். எங்கள் ஊர் மேல்மலையனூர். அமாவாசை தோறும் அங்காளம்மனைக் காண எத்தனையோ ஆயிரம் பேர் பேருந்திலும் வேனிலும் வந்து இறங்கும் ஊர். எங்களுடையது ஊருக்குச் சற்று வெளியே மல்லாட்டையும் நெல்லும் விளையும் சிறு கொல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். என்னைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றவர் என் தாத்தா. தூக்கிய அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்நோக்கி மடங்கியிருக்கும். பாதங்களில் உணர்ச்சி இல்லை. இளமையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பெருநோய் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்று, பின்னர் கூட்டு மருந்தும் உட்கொண்டு, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் முற்றும் குணமானார். அவரிடமிருந்து யாருக்கும் நோய் வராது. ஆனால் சேதமடைந்த நரம்பு திரும்ப வளரவில்லை. மடங்கிய விரல் நிமிரவில்லை. ஊரார் விரலைத்தான் பார்ப்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்ப்பதில்லை.

தாத்தாவுக்கு வீட்டில் தனித் தட்டு, தனிச் சொம்பு. யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை, அவரே வைத்துக்கொண்டார். ஒரு முறை செஞ்சிக்குப் போகும்போது நடத்துநர் ஒருவர் அவர் கையைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறக்கிவிட்டாராம். அதற்குப் பின் அவர் பேருந்தே ஏறியதில்லை. சந்தைக்கு நடப்பார்; இல்லையென்றால் யாராவது டிராக்டரில் ஏற்றிக்கொள்வார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது தை மாதத்தில் என் அக்காளைப் பெண் பார்க்க வந்தார்கள். முதல்நாள் இரவு அப்பாவும் ஆயாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது தாத்தா திண்ணையில் இல்லை. கொல்லையில் பம்புசெட்டுக் கொட்டகைக்கு அவரே போய்விட்டிருந்தார். மத்தியானம் கேசரியும் சோறும் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். மாப்பிள்ளை எப்படி, நல்ல உயரமா என்று மட்டும் கேட்டார். அதே வாரம் ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் நினைவு நாளில், பள்ளியில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுத்தோம். நோயாளிகளை ஒதுக்க மாட்டேன் என்று வலக்கையை நீட்டி உரக்கச் சொன்னேன். சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

திருமணம் நடந்தது. தாத்தா மண்டபத்துக்கு வரவில்லை. பின்னர் அக்காளுக்குக் குழந்தை பிறந்தபோது அவளே தன் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தான் நேராகக் கொல்லைக்கு வந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றார். அச்சம் அவர்களிடம் இருந்ததைவிட எங்களிடம் இருந்ததே அதிகம் என்று அன்று விளங்கியது. சிவாவை ஒதுக்கியது அயல் ஆட்சி. அவர் எதிர்த்து நின்றார். தாத்தாவை ஒதுக்கியது சொந்த வீடு. அவர் யாரை எதிர்ப்பார்?

நோயோடு வாழும் முறை

தாத்தாவிடம் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அது எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று. ஒவ்வொரு நாள் மாலையும் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் பாதங்களை ஊற வைப்பார். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்ப்பார். ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவுவார். பிறகு சிறு கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலில் காயம், கொப்புளம், முள் ஏதும் உண்டா என்று பார்ப்பார். செருப்பில்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். அதுவும் மருத்துவமனையில் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. சூடான பாத்திரத்தைத் துணி சுற்றாமல் தொட மாட்டார். தன் தோல் சொல்லாததைத் தன் கண்ணைக்கொண்டு அறிந்துகொள்கிறார்.

இந்த முறைக்குப் பின்னால் பெரிய அறிவியல் உண்டு. தொழுநோயே சதையைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் விரல்கள் குறைகின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு அந்நம்பிக்கையை மாற்றினார். வலி உணர்வு அற்றுப்போவதால் கவனிக்கப்படாத சிறு காயங்களே கையையும் காலையும் அழிக்கின்றன என்று அவர் காட்டினார். 1948ஆம் ஆண்டளவில் தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தையும் தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத வேலூரில் நடந்த இவ்வேலை உலகம் முழுவதற்கும் வழிகாட்டியது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குன்றியவர்களும் இன்று இதே போன்ற பாதப் பராமரிப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். நம் ஆசிரியப் பெருமக்களிலும் பெற்றோரிலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரவில் ஒரு முறை உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது நன்று.

மருந்தும் வளர்ந்தது. சிவா மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1940களில், டாப்சோன் மருந்து வந்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் அதைப் பயன்படுத்தி வழிகாட்டினார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் ஒழுங்காக உட்கொண்டால் நோய் தீர்ந்துவிடும். முதல் சில தவணைகளிலேயே பிறருக்குப் பரவும் தன்மை நின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். உடலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும். நரம்பு கெடுவதற்கு முன் மருந்து உண்டால் விரல் மடங்காது. மறைத்து வைத்தால்தான் மடங்கும். எங்கள் தாத்தாவின் விரலை மடக்கியது பாதி கிருமி. பாதி, ஊருக்குத் தெரியக் கூடாதென்று தள்ளிப்போட்ட நாள்கள்.

முடிவுரை

சிவாவுக்கு மருந்து இல்லை, துணிவு இருந்தது. நமக்கு மருந்து இருக்கிறது. துணிவுதான் இன்னும் வேண்டும். அவருடைய வாழ்வைச் சோக வரலாறாக மட்டும் படிப்பது முறையன்று. நோயுற்ற பின்னும் இதழ் நடத்தினார், நூல் எழுதினார், சிறை சென்றார், ஆசிரமம் கண்டார், நண்பர்களைத் தேடிக்கொண்டார். அவருக்கு உண்மையில் பேருதவி செய்தவர்கள் அவரை அருகில் உட்கார வைத்துக்கொண்ட பாப்பாரப்பட்டி நண்பர்கள். நோயாளி துணிவோடு வாழ்வது பாதி; உடனிருப்போர் ஒதுக்காமல் இருப்பது மறு பாதி. முதல் பாதியை எல்லாரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. இரண்டாம் பாதி நம் கையில் இருக்கிறது.

சென்ற ஆடி மாதம், சிவாவின் நினைவு நாளை ஒட்டி, தாத்தாவைப் பாப்பாரப்பட்டிக்கு அழைத்துச் சென்றேன். முதலில் மறுத்தார், ஒரு வாரம் கழித்து அவரே சட்டையைத் துவைத்துப் போட்டார். அவலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை, அங்கிருந்து தருமபுரி. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வலக்கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். செங்கம் தாண்டிய பிறகு காற்றுக்காகத் துண்டை எடுத்துவிட்டார். மடங்கிய விரல்கள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தன. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் பார்த்தார். நான் தாத்தாவுக்கு இன்னும் சற்று நெருங்கி உட்கார்ந்து, அந்த அம்மாளுக்கும் எங்கள் இருக்கையில் இடம் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார்.

மணிமண்டபத்தில் தாத்தா வெகுநேரம் சிவாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: இவ்வளவு தூரத்தையும் அந்த மனிதர் கட்டை வண்டியிலா வந்தார் என்று. ஆம் என்றேன். அடுத்த அமாவாசைக்குப் பிறகு கண் மருத்துவமனைக்குச் செஞ்சி போக வேண்டும், பேருந்திலேயே போய்விடலாம் என்றார்.